மெல்லக் கற்கும் பிள்ளைகளும் வகுப்பறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், 6 முதல் 10 வரை. பயிற்சிக் கூட்டங்களின் டீ இடைவேளையில், பி.எட். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமிருந்து, சில சமயம் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வகுப்பறையை மனத்தில் வைத்து எழுதியது. கணக்கு வாத்தியார் என்பதால் எடுத்துக்காட்டுகள் கணக்குப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லக் கற்போர் என்று யாரைச் சொல்கிறோம்?

உண்மையைச் சொன்னால், பட்டியல் கேட்டு மேலிருந்து தகவல் வரும்போது, காலாண்டுத் தேர்வில் 35-க்குக் கீழே எடுத்தவர்கள் எல்லாரையும் எழுதி அனுப்பிவிடுகிறோம். அங்கேயே தப்பு தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் 12 பேர் இருந்தால் 12 பேருக்கும் 12 காரணம் இருக்கும். ஒருவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வராது. இன்னொருத்தி சரளமாக வாசிப்பாள், கழித்தல் கணக்கில் மாட்டிக்கொள்வாள். ஒருவன் மாதத்தில் பாதி நாள் அப்பா அம்மாவோடு செங்கல் சூளையில் இருக்கிறான். ஒருத்திக்குக் கரும்பலகை தெரியவில்லை, சொன்னால் சோடாபுட்டி என்று கேலி செய்வார்களே என்று பக்கத்து நோட்டைப் பார்த்தே இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறாள். (என் வகுப்பில் நடந்தது இது. எனக்குத் தெரியவே இல்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுதான் கண்டுபிடித்தது.) இவர்கள் எல்லாருக்கும் ஒரே சிறப்பு வகுப்பு, ஒரே வினா விடைத் தாள் என்றால் யாருக்குமே பயன்படாது.

பெயரை மட்டும் அடிக்கடி மாற்றுகிறோம். மக்கு என்று சொன்ன காலம் போய் ஸ்லோ லேர்னர் வந்தது, அப்புறம் மெல்லக் கற்போர், இப்போது சில பள்ளிகளில் லேட் ப்ளூமர். தன்னை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே பையன் விஷயத்தைப் புரிந்துகொள்கிறான், பெயரெல்லாம் நமக்காகத்தான்.

எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு 5 நிமிஷம். வேறு குறுக்கு வழி கிடையாது. எழுத்துத் தேர்வு இதற்கு உதவாது, ஏனென்றால் வெற்றுத்தாள் எதையும் சொல்லாது.

பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க 2005-இலிருந்து கிராமப்புறங்களில் நடக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில் பயன்படுத்துகிற முறை மிக எளிமையானது, அதையே எடுத்துக்கொள்ளலாம். வாசிப்புக்கு எழுத்து, சொல், 1ஆம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, 2ஆம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக்கதை. கணக்குக்கு 1 முதல் 9 வரை எண் அறிதல், ஈரிலக்க எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். அவ்வளவுதான். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் அதன் உண்மையான வகுப்பு. 9ஆம் வகுப்பிலும் இதைத் தயங்காமல் செய்யுங்கள். முதல் தடவை செய்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இயற்கணிதம் நடத்திக்கொண்டிருக்கிறேன், எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்கு 52-இல் 27 போனால் எவ்வளவு என்று தெரியவில்லை.

அந்தக் கணக்கையே பாருங்கள். நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகிறோம். ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது: 5-இல் 2 போனால் 3, 7-இல் 2 போனால் 5. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று 1ஆம் வகுப்பில் சொன்னதை அந்தப் பிள்ளை இன்னும் விசுவாசமாகப் பின்பற்றுகிறது! இன்னும் 50 கணக்கு கொடுத்தால் 50-இலும் அதே தப்பைச் செய்யும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை முன்னால் போட்டு, 52-ஐ எடுத்து வைத்து, ஒரு கட்டை அவிழ்த்தால்தான் 7 கொடுக்க முடியும் என்று கையால் செய்ய வைத்தால் 2 நாளில் சரியாகிறது.

தமிழுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. தொண்ணூறு என்று சொன்னால் 900 எழுதும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அந்தச் சொல்லுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். முந்நூற்று இரண்டு என்றால் 3002, இதுவும் காதில் கேட்டதை அப்படியே எழுதுவதுதான். வாசிப்பில் கொம்பு. வாய் முதலில் மெய்யைச் சொல்கிறது, கை முதலில் கொம்பை எழுதுகிறது. அதிலும் கொ, கோ என்றால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. புள்ளியைக் கவனிக்காமல் பட்டம் என்பதைப் படடம என்று இழுக்கிற பிள்ளைக்கு 247 எழுத்தையும் மறுபடி எழுதச் சொல்வது தண்டனை. அதற்கு வேண்டியது புள்ளி வைத்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்ற ஒரே ஒரு விஷயம்.

பாடப்பகுதியை முடிக்கவே நேரமில்லை. கீழ் வகுப்புப் பாடத்தை எப்போது எடுப்பது?

எல்லாரும் கேட்கும் கேள்வி, நியாயமானதும்கூட. என் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும்: முடித்தோம் என்று பாடக்குறிப்பேட்டில் எழுதுகிறோமே, அது யாருக்கு முடிந்தது? எனக்கு முடிந்தது, முன்வரிசை 8 பேருக்கு முடிந்தது.

பிரதம் என்ற அமைப்பு பல வருஷங்களாகச் செய்துவருவது இதுதான். தினம் ஒரு மணி நேரத்துக்கு வகுப்பு, வயது இரண்டையும் மறந்துவிட்டு, பிள்ளைகளை அவர்கள் நிற்கிற படியை வைத்துக் குழுவாக்கி அங்கிருந்து சொல்லித்தருவது. ஹரியானாவில் அரசுப் பள்ளி ஆசிரியர்களை வைத்தும், உத்தரப் பிரதேசத்தில் முகாம்களாகவும் இதைச் செய்து சோதித்தார்கள். வாசிப்பில் தெளிவான முன்னேற்றம் வந்தது. 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் இந்த மாதிரிச் சோதனைகளில் நேரடியாக வேலை செய்தவர்கள். நம் மாநிலத்திலும் புதிதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் படிப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதே யோசனைதான். 6 முதல் 9 வரைக்கான திறன் திட்டமும் இதே வழியில் வந்தது. அதற்கும் முன்னால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் ஏணிப்படிகளும் அட்டைகளும் இருந்ததை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யோசனை சரியானது. வகுப்பில் ஆள் பற்றாமல், அட்டைகள் கிழிந்து, பதிவேடு எழுதுவதே வேலையாகிப் போன பள்ளிகளில்தான் அது படுத்தது.

தனியாக ஒரு மணி நேரம் கிடைக்காது என்றால் பாடவேளையில் முதல் 10 நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 5 நாள், மாதத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரே ஒரு வேண்டுகோள்: விளையாட்டுப் பீரியடை எடுக்காதீர்கள். படிப்பில் எதிலும் ஜெயிக்காத பையன் ஜெயிக்கும் ஒரே இடம் அந்த மைதானம், அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் வெள்ளிக்கிழமை பள்ளிக்கே வரமாட்டான்.

அப்படியானால் அவர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கலாமா?

அந்த 10 நிமிஷத்துக்கு, அந்த ஒரு திறனுக்கு மட்டும் பிரிக்கலாம். முடிந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விட வேண்டும். வாசிப்பில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம், அதனால் குழு பாடத்துக்குப் பாடம் மாறணும், 6 வாரத்துக்கு ஒருமுறை கலைத்துப் போடணும். வருஷம் முழுக்க ஆ பிரிவு, இ பிரிவு என்று தள்ளி வைப்பது வேறு. அந்தப் பிரிவுக்குப் போகும் ஆசிரியரே படிக்கட்டு ஏறும்போது பெருமூச்சு விடுவார், பிள்ளைகளுக்கு அது கேட்கும்.

ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்து 1968-இல் வெளியிட்ட சோதனையைப் பி.எட். படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குலுக்கிப்போட்டு எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இந்த வருஷம் நன்றாக மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே கூடுதலாக முன்னேறியதாகக் கண்டார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று இன்றுவரை சண்டை ஓடுகிறது, அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் அங்கே மலரப் போகிறவர் என்பது நம்பிக்கையைக் கூட்ட வைத்த பெயர். நம் ஊர் லேட் ப்ளூமர் அதே சொல்தான், அர்த்தம் மட்டும் தலைகீழ்.

பாடம் நடத்தும்போதே என்ன மாற்றலாம்?

மூன்று படியாக நடத்துங்கள். நான் செய்கிறேன் பார், சேர்ந்து செய்யலாம் வா, இப்போது நீ செய். நம்மில் பலர் முதல் படியிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவுகிறோம். ஒரு கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு, பயிற்சி 2.3 முழுக்க வீட்டுப்பாடம்! நன்றாகப் படிக்கிற பிள்ளை அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும், மற்றவர்கள் விழுவார்கள்.

நடுப்படிக்கு ஒரு நல்ல வழி, பாதி முடித்த கணக்கு. 1/2 + 1/3 என்றால் முதல் கணக்கை முழுக்கப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் மீ.பொ.ம. வரைக்கும் நீங்கள் போட்டுவிட்டு மிச்சத்தை விடுங்கள். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் இருந்தவர்களும் 1980-களிலிருந்து காட்டிவருவது இது: புதிதாகக் கற்பவருக்கு, தானே முட்டிமோதுவதைவிட முழுதாகச் செய்த கணக்கை உட்கார்ந்து பார்ப்பது அதிகம் உதவுகிறது, ஏனென்றால் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடியது கொஞ்சம்தான். மீ.பொ.ம. என்ன, எதை எதால் பெருக்கணும், 6-ஆம் வாய்ப்பாடு என்ன, இதில் ஏதாவது ஒன்று கைநழுவினால் எல்லாம் போச்சு.

அதனாலேயே வாய்ப்பாட்டு அட்டையை மேசையில் வைத்துக்கொள்ள விடுங்கள். வாய்ப்பாடு தெரிய வேண்டாமா என்று சண்டைக்கு வருவார்கள். தெரியணும், அதைத் தனியே படிக்கட்டும். பின்னம் கற்கும் நேரத்தில் ஏழெட்டு எவ்வளவு என்று விரல் விட்டுக்கொண்டிருந்தால் பின்னமும் வராது வாய்ப்பாடும் வராது.

அப்புறம், விடை சரியா என்று பார்க்கும் பழக்கம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் விதியை மறுபடி ஒப்பிக்காமல், அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேளுங்கள். 2/5 அரையைவிடச் சின்னது என்று அதற்கே தெரிந்துவிட்டால் அந்தத் தப்பு மறுபடி வருவது அபூர்வம்.

கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களைப் பேச வைப்பது எப்படி?

கை தூக்கச் சொல்லாதீர்கள். முதலில் கேள்வி, பிறகு அமைதி, கடைசியில் பெயர். "குமாரி, இதைச் சொல்லு" என்று தொடங்கினால் குமாரியைத் தவிர மீதி 39 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்த அமைதி முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். 3 வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மெதுவான பிள்ளைகள் என்று ஆசிரியர் நினைப்பவர்களுக்குத்தான் இன்னும் குறைவான நேரம் கொடுக்கப்படுகிறது என்றும் கண்டார், இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பையன் தடுமாறுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், உடனே அடுத்தவளைக் கேட்டு அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்வேன்.

சிலேட்டு வாங்கிக் கொடுங்கள். எல்லாரும் எழுதி, ஒன்று இரண்டு மூன்று என்றதும் தூக்கிக் காட்டணும். ஒரே பார்வையில் 40 பேரின் நிலையும் தெரிந்துவிடும், தப்பை அழித்துவிடலாம் என்பதால் பயமும் இல்லை. சிலேட்டு இல்லாவிட்டால் பழைய நோட்டு அட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டி, மேலே நெகிழி உறை போட்டால் போதும். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை மட்டும் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகப் பாடுவதற்கு 1ஆம் வகுப்பிலேயே பயிற்சி முடிந்துவிட்டது.

இன்றைக்குப் புரிகிறது, நாளைக்கு மறந்துவிடுகிறார்கள். என்ன செய்ய?

எல்லாரும் மறப்போம். 1885-இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார், படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது என்று. கெட்டிக்காரப் பிள்ளைக்கு வீட்டிலோ டியூஷனிலோ யாராவது மறுபடி கேட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு அடுத்த தடவை அந்தப் பாடம் வருவது தேர்வு அன்றைக்குத்தான்.

அதனால் நீங்களே கேளுங்கள். வகுப்புத் தொடங்கியதும் பலகையில் 4 கேள்வி: நேற்றுப் பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று, போன வருஷப் புத்தகத்தில் ஒன்று. நோட்டைப் பார்க்காமல் எழுதணும், மதிப்பெண் கிடையாது, 5 நிமிஷத்தில் விடை சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டியது. திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நாள்பட நிற்கிறது என்று 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் காட்டியது ரொம்பப் பிரபலம். பத்துத் தடவை இம்போசிஷன் எழுதுவது இதற்கு நேர் எதிர். மூன்றாவது தடவையிலேயே கை மட்டும்தான் எழுதும், மனசு வெளியே கபடி பார்க்கும்.

தேர்வு வைத்துத் தாள் கொடுத்த பிறகு?

பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். பெஞ்சமின் ப்ளூம் 1968-இல் சொன்ன முழுத்தேர்ச்சிக் கற்றலின் சாரமே இந்த இடத்தில்தான் இருக்கிறது: தேர்வு என்பது முடிவுரை கிடையாது, யாருக்கு எது வரவில்லை என்று பார்த்துவிட்டு, அவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லித்தந்து, மறுபடி ஒரு தேர்வு வைக்கணும். நான் செய்வது கொஞ்சம் சுருக்கம். தாளில் மதிப்பெண்ணைப் போடுவதில்லை, எந்த வரியில் தப்பு என்று ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். என்ன தப்பு என்று அவர்கள் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தால்தான் மதிப்பெண் பதிவேட்டில் ஏறும். முதல் மாதம் முணுமுணுப்பார்கள்.

பிள்ளைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விடலாமா?

தாராளமாக. நம் ஊர் சமாச்சாரம்தான் இது. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தாரே, அதே முறை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-இல் சென்னையில் ராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவர நினைத்தபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. 8 வயதுப் பையன் ஒருவனைக் கீழ் வகுப்புக்குச் சொல்லித்தர வைத்தார், வேலை நடந்தது. ஊர் திரும்பி 1797-இல் அதைப் பற்றி எழுதி, அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. இப்போது நமக்குப் பயிற்சிக் கையேட்டில் சகமாணவர் கற்றல் என்று திரும்பி வருகிறது, போகட்டும்.

ஆனால் முதல் மதிப்பெண் எடுப்பவளைக் கடைசி மதிப்பெண் எடுப்பவனோடு போடாதீர்கள். அவளுக்குப் பொறுமை போய்விடும், விடையைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு படி மேலே இருக்கும் பிள்ளை போதும், அது போன வாரம்தான் அதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கும், எங்கே பள்ளம் என்று அதற்குத் தெரியும். விடையைச் சொல்லாதே, அடுத்து என்ன செய்யணும்னு கேள், இந்த ஒரு விதியைப் பழக்கிவிடுங்கள். அப்புறம், வாரம் ஒருமுறையாவது மெதுவான பிள்ளையே ஆசிரியராக இருக்கட்டும். 8ஆம் வகுப்புப் பையன் 3ஆம் வகுப்புக்குப் போய்க் கழித்தல் சொல்லித்தந்தால் அவனுடைய கழித்தலும் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும். என் அனுபவத்தில் இதைப்போல வெட்கமில்லாமல் அடிப்படையைத் திரும்பப் பிடிக்க வேறு வழி இல்லை.

10ஆம் வகுப்பு, இன்னும் 3 மாதம்தான் இருக்கிறது. மினிமம் மெட்டீரியல் கொடுப்பது தப்பா?

பாஸாக மட்டும் போதுமான அந்தச் சுருக்கக் குறிப்பைத்தானே கேட்கிறீர்கள்? தப்பில்லை, நானும் கொடுக்கிறேன். கணக்குத் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினா, வடிவியலும் வரைபடமும் தலா 8 ஆக 16. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, கூடவே சில எளிய 2 மதிப்பெண்ணும் ஒரு 5 மதிப்பெண்ணும் போட்டால் 35 தாண்டிவிடலாம் என்பது எல்லாக் கணக்கு ஆசிரியருக்கும் மனப்பாடம். 10 பாஸ் என்ற தாள் இல்லாமல் ஐ.டி.ஐ.யின் பல பிரிவுகள், பாலிடெக்னிக், போலீஸ் வேலை எதற்கும் போக முடியாது. அந்தப் பிள்ளையை அந்த வாசலில் நிறுத்திவிட்டு நான் கொள்கை பேச மாட்டேன்.

ஆனால் ஜனவரியில் செய்யும் வேலையை ஜூனில் ஆரம்பிப்பதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில இடங்களில் 8ஆம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்! தொடுகோடு வரைவதை 40 தடவை பழகி 8 மதிப்பெண் வாங்கிய பையனுக்கு வட்டத்தின் ஆரம் என்றால் என்ன என்று தெரியாமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பாஸ் ஆகிவிட்டான், சந்தோஷம். பாலிடெக்னிக் முதல் வருஷக் கணக்கில் உட்கார்ந்துவிட்டான். தேர்ச்சி விழுக்காடு கேட்டு மேலிருந்து வரும் அழுத்தம் எனக்கும் தெரியும், கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அதற்காக 6, 7, 8 மூன்று வருஷத்தையும் விட்டுவிட்டு 10-இல் மாலை வகுப்பு, இரவு வகுப்பு, சுண்டல் என்று ஓடுவது கட்டுப்படியாகாத வேலை.

டிஸ்லெக்ஸியாவாக இருக்குமோ என்று எப்போது சந்தேகப்படுவது?

டிஸ்லெக்ஸியா என்பது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு. பேச்சில் கெட்டிக்காரத்தனம், வாய்மொழியாகக் கேட்டால் பதில், எழுத்தில் மட்டும் பெரிய பள்ளம். பல வாரம் ஒழுங்காகச் சொல்லித்தந்தும் அதே எழுத்துகளில் அதே தடுமாற்றம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே மாதிரி. இவை சேர்ந்திருந்தால் நீங்களே பெயர் வைக்காமல் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்ஸியா அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையும் சேர்ந்திருக்கிறது. முறையான சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. விண்ணப்பிக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் 9ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சென்னைப் பக்கம் இருந்தால் 1991-இலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனையும் அணுகலாம். சான்று வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை: பெரிய எழுத்து, வரிக்குக் கீழே அளவுகோல், எழுதியதை வாங்குவதற்குப் பதில் வாயால் சொல்ல வைப்பது, இதெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யாது.

அடிக்காமல் எப்படிப் படிக்க வைப்பது?

கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனை, மன உளைச்சல் இரண்டுக்குமே தடை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், 52-இல் 27 போகாத பிள்ளையை அடித்தால் போகுமா?

வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. நாம் மட்டும் என்ன செய்ய முடியும்?

கவனிப்பதில்லை என்று சொல்வதற்கு முன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பும் அம்மாவிடம் பையனுக்குக் காரணிப்படுத்துதல் வரலை என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தலையைக் குனிந்துகொள்வார், போனதும் பையனுக்கு நாலு அடி விழும். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

செய்யக்கூடியதைக் கேளுங்கள். "அக்கா, தினம் ராத்திரி இவன் ஒரு பக்கம் சத்தமா வாசிப்பான், நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டா போதும், தப்பு சரி பார்க்க வேண்டாம்." எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்ய முடியும், என்னிடம் படித்த ஒரு பெண்ணின் ஆயா கேட்டுக் கேட்டுப் பாடத்திலிருந்த கதையையே தெருவுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பிள்ளை ஏதாவது நன்றாகச் செய்த அன்றைக்கு ஒரு போன் போடுங்கள். வாத்தியார் போன் என்றாலே புகார்தான் என்று நினைக்கும் வீட்டில் அது ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருக்கும். வீட்டுப்பாடம் கொடுத்தால் யார் உதவியும் இல்லாமல் முடிக்கக்கூடியதாகக் கொடுங்கள், 15 நிமிஷம் போதும். 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் பேசிப் பாருங்கள், பல பேர் தெருவிலேயே இன்னமும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பசியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக்கு. 6ஆம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடும், பசி நிற்காது. முதல் பீரியடில் தூங்கி விழும் பையனிடம் முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அடிக்கடி லீவு போடும் பிள்ளைக்கு?

திரும்பி வரும் அன்றைக்கு ஏன் வரவில்லை என்ற விசாரணையை வகுப்புக்கு முன்னால் நடத்தாதீர்கள், அதற்குப் பயந்தே இன்னும் 2 நாள் வராது. வகுப்பில் ஒரு பொது நோட்டு வைத்து, தினம் ஒருவர் அன்றைய கணக்கை அழகாக எழுதிவைக்கட்டும். வந்த பிள்ளை அதைப் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு நாளில் முன்னேற்றம் தெரியும்?

எழுத்து தெரிந்து சொல்லில் தடுமாறுகிறவர்கள் சீக்கிரம் நகர்வார்கள், ஒரு பருவத்துக்குள் பத்தி வாசித்துவிடுவார்கள். 8ஆம் வகுப்பில் எழுத்தே தெரியாதவர்கள் ரொம்ப மெதுவாகத்தான் வருவார்கள், அவர்களுக்கு வாசிப்பைவிட முதலில் வெட்கம் போகணும். கணக்கில் கழித்தல் சீக்கிரம், வகுத்தல் தாமதம், பின்னம் இன்னும் தாமதம். 6 வாரத்துக்கு ஒருமுறை அதே 5 நிமிஷச் சோதனையைத் திரும்பச் செய்து ஒரு 40 பக்க நோட்டில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பரீட்சை மதிப்பெண்ணில் தெரிவதற்கு முன்னாலேயே அந்த நோட்டில் தெரியும், ஏனென்றால் 4-இலிருந்து 19-க்கு வந்த பிள்ளையைப் பதிவேடு இன்னமும் ஃபெயில் என்றுதான் சொல்லும்.

சிலர் வரமாட்டார்கள். என் நோட்டில் 2 வருஷமாக ஒரே படியில் நின்ற ஒரு பையன் இருக்கிறான். குச்சி, சிலேட்டு, 3ஆம் வகுப்புக்குச் சொல்லித்தர அனுப்பியது என்று எல்லாம் செய்து பார்த்தேன், சிறப்புப் பயிற்றுநரும் வந்து பார்த்தார். இந்த வருஷம் 9-இல் இருக்கிறான், தினம் வருகிறான். போன வாரம் சத்துணவுக் கூடத்தில் 312 பேருக்கு முட்டை எண்ணி வைக்கச் சொன்னார்களாம், 30 முட்டைத் தட்டு எத்தனை எடுக்கணும், மேலே எத்தனை முட்டை வேணும் என்று சரியாகச் சொல்லியிருக்கிறான். இனி வகுத்தலை முட்டைத் தட்டிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன்.